குண்டூசி அக்கா

குண்டூசி அக்கா வீட்டுக்குப் போவதென்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போக வேண்டும். "அடியே, என்ன கலர்டி இது! உள்பக்கமா ஒரு துண்டு எடுத்துக்கட்டுமா, சாம்பிளுக்கு?" என்று கேட்கும்போதே ஜிக்ஜாக் கத்தரி கையில் வந்துவிடும்.

சாம்பிளெல்லாம் போய்ச் சேரும் இடம் கூடத்துச் சுவரில் மாட்டிய தக்கைப் பலகை. அதற்கு இடம் விட்டு, காலண்டர் முருகன் சமையலறைக்கு மாற்றலாகிப் போனார். கலம்காரித் துண்டு, வேட்டி ஜரிகை, ஆங்கர் நூல், கல்யாணப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த யானை, எல்லாம் அங்கே குத்துப்பட்டுத் தொங்கும். சிவப்புத் தலைக் குண்டூசி என்றால் தொடங்க வேண்டிய வேலை. மஞ்சள் என்றால் நூல் வாங்க வேண்டும். பச்சை என்றால் முடிந்தது. பச்சைக் குண்டூசி டப்பா இன்னும் பிரிக்கப்படவில்லை.

அக்கா சும்மா இருப்பவரும் அல்ல. விடிந்ததும் காபி டம்ளரோடு பலகை முன் நிற்பார். மேலே இருக்கும் நீலத்தைக் கீழே இறக்குவார். இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி மேலே ஏற்றுவார். வெயிலில் ஒத்துப்போன மெரூன் டியூப்லைட்டில் சண்டை போடும், அதையும் கழற்றுவார். ஆங்கர் நூலின் ஆறு இழையில் இரண்டு எடுப்பதா, மூன்று எடுப்பதா என்ற யோசனையிலேயே ஓர் ஆடி மாதம் போய்விட்டது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஆரி பிளவுஸ் என்று ஒரு மயில் படத்தைக் குத்தினார். கல்யாணம் முடிந்ததும் அது வளைகாப்பு பிளவுஸுக்கு என்றானது. பிறகு குழந்தையின் சொக்காய்க்கு. இப்போது அந்தப் பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழா உடைக்கு என்று பேச்சு. மயில் அதே ஊசியில்தான் இருக்கிறது. ஊசிதான் பாவம், துருவேறிவிட்டது.

2010-ல் பின்டரெஸ்ட் வந்தது, போனுக்குள்ளும் பலகை. அதைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

ஆனால் அந்தக் கண் இருக்கிறதே, அது தனிக் கண். அரக்குப் புடவைக்கு மாம்பழ மஞ்சளில் பைப்பிங் வை என்பார். தையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே வைப்பார். போட்டுக்கொண்டு போனால் நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள். தெருவில் பாதிப் பேர் அக்கா சொன்ன நிறத்தில்தான் பிளவுஸ் போடுகிறோம். அக்கா போடுவது ரெடிமேட்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். என் அம்மாவின் பழைய சுங்குடியைக் குயில்ட் ஆக்கித் தருகிறேன் என்று வாங்கிப் போனாரே, அதற்குச் சிரிப்பு வரவில்லை. மதுரையில் ஒரு சௌராஷ்டிரப் பெண் உட்கார்ந்து, புள்ளிக்கு ஒரு முடிச்சாகப் புடவை முழுக்கக் கட்டி, சாயத்தில் முக்கிப் பிரித்து, முடித்தே கொடுத்த புடவை அது. இங்கே அதன் மூலை மூன்று விரல் அகலத்துக்குப் பல் பல்லாக வெட்டுப்பட்டு, சிவப்புக் குண்டூசியில் தொங்குகிறது. மீதி, அக்காவின் பீரோவில். கேட்டால், "அடித்துணிக்குக் கலர் இன்னும் அமையலடி" என்கிறார்.

அக்கா, கலர் அமையவே வேண்டாம். சாம்பிள் துண்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; புடவையைக் கொடுத்துவிடுங்கள்.