ஏணியியல்: சேத்துப்பட்டு அகலக்கற்றை குறித்து ஓர் ஆய்வு

வீட்டுக்கு எந்த நெட் நல்லது என்னும் வினா சேத்துப்பட்டின் திண்ணைகள்தோறும் எழுப்பப்பட்டு வந்தும் இதுகாறும் முறையான ஆய்வுக்கு உட்படவில்லை. அக்குறையை நீக்க இக்கட்டுரை முற்படுகிறது. ஆய்வுக்களம் ஒரு தெரு. ஆய்வுக்கருவி ஒரு பழைய டைரியும் ரவுட்டர் விளக்கும். ஆய்வாளரின் தகுதி, அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பது. அதாவது நேரம் உண்டு.

முதற்கண் ஊரை வரையறுத்தல் வேண்டும். சேத்துப்பட்டு என்பது எழும்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையில் மின்ரயில் நிற்கும் இடம் என்பாரும் உளர். அற்றன்று, போளூருக்கும் வந்தவாசிக்கும் இடையில் பேருந்து நிற்கும் இடம் என்க. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒருமுறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். "சார், எங்க ஆளு உங்க வாசல்லதான் நிக்கிறாரு, கதவைத் திறங்க" என்றது எதிர்முனை. திறந்தேன். ஆடு நின்றது. ஆள் சென்னை 600031-இல் நின்றிருந்தார்.

இனி, அகலக்கற்றை என்பது யாதெனின், 2004-ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்கைப்படி விநாடிக்கு 256 கிலோபிட். அது பின்னர் 512 ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆயிற்று. எனவே அதுவரை அகலமாயிருந்த ஒரு கற்றை, ஒரே இரவில், ஒரு நூலும் இளைக்காமலே ஒல்லியாகிவிட்டது. ஓர் அரசாணையால் உடல் இளைத்தது உலகில் இது ஒன்றுதான் போலும்.

வேகத்தை அளப்பதில் தெருவே இரண்டுபட்டுக் கிடக்கிறது. "நூறுன்னு சொல்லிட்டுப் பன்னெண்டுதான் வருது, ஏமாத்துறான்" என்பது ஒரு கட்சி. இக்கட்சியினர் நகைக்கடைக்குப் போய் வந்தால் தெளிவர். 8 கிராம் 1 பவுன். 8 பிட் 1 பைட். விளம்பரத்தில் எழுதுவது கிராமில், செல்போன் படத்தை இறக்கும்போது காட்டுவது பவுனில். நூறை எட்டால் வகுத்தால் 12.5. ஆகவே பன்னிரண்டு வருகிறது என்பவர் புகார் சொல்லவில்லை, தம் பாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த உவமை தோன்றிய அன்று இரவு நான் உறங்கவில்லை. வீட்டில் சொன்னேன், பவுன் என்ற சொல் மட்டும் அவர்கள் காதில் விழுந்து, பேச்சு வேறு திசையில் போய்விட்டது.

'வரம்பற்ற' என்னும் சொல்லுக்கு இலக்கணக் குறிப்பு: அது ஈறுகெட்ட எதிர்மறை அன்று, பொருள் கெட்ட எதிர்மறை. பெரிய நிறுவனங்கள் பலவும் வரம்பின்மைக்கு வைத்த வரம்பு மாதம் 3300 ஜிபி. விநாடிக்கு 30 மெகாபிட் திட்டத்தில் அதைத் தீர்க்க வேண்டுமானால் இரவு பகலாகப் பத்து நாள் இடைவிடாது இறக்க வேண்டும். எங்கள் தெருவில் அந்த வைராக்கியம் எவருக்கும் இல்லை. விலையிலும் இப்படியொரு நுட்பம் உண்டு. சுவரொட்டியில் 499 என்றிருப்பது 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததும் 588 ரூபாய் 82 காசு ஆகிறது. உள்ளூர் கேபிள்காரர் அந்த 82 காசோடு மல்லுக்கட்டுவதில்லை. "அறுநூறாக் குடுத்துடுங்க வாத்தியாரே" என்பார்.

வழங்குநர் வகைமைக்கு வருவோம். உரிமம் மூவகைப்படும்: ஏ நாடு முழுமைக்கும், பி ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும், சி அதனினும் சிறிய பகுதிக்கும். பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் முதலியன பெருந்தெய்வங்கள். அவற்றுக்கு ஊரெல்லாம் கோயில் உண்டு, பூசாரியைத்தான் தேட வேண்டும். ரயில்டெல் நிறுவனத்தின் ரயில்வயர், தண்டவாள ஓரமாகப் புதைத்த கண்ணாடி இழையை உள்ளூர் கேபிள்காரர்கள் வழியாக வீடுகளுக்குக் கொண்டுவரும் திட்டம். ரயிலைப் பார்க்கவே போளூர் போக வேண்டிய ஊர்க்காரனுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் ஓர் ஏக்கம் வரும். 2007-இல் தொடங்கிய அரசு கேபிள் நிறுவனமும் உண்டு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை இழுக்கும் டான்ஃபிநெட்டும் உண்டு. சேத்துப்பட்டோ பேரூராட்சி. வளர்ந்த பிள்ளைக்கு மிட்டாய் கிடையாது.

கருவி நூல்களைவிட எனக்கு உதவியவர் பக்கத்து வீட்டுத் தறிக்காரர். ஆரணிப் பட்டு வட்டாரத்தில் இழையைப் பற்றி எவனும் புதிதாகக் கதை விட முடியாது. பட்டுப்புழு ஒரே நேரத்தில் இரண்டு இழைகளை விடுகிறது. ஒவ்வொன்றும் சுமார் 10 மைக்ரான். தெருக்கம்பத்திலிருந்து வரும் கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடும் நடுத்தண்டு சுமார் 9 மைக்ரான். இதை நான் சொன்னதும் அவர் நாடாவை நிறுத்திவிட்டு, "அப்ப அவனுது கொஞ்சம் நைஸு" என்றார். அதற்கு மேல் வியக்கவில்லை. பிட் என்பதையும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை: தலைக்கு மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருக்கும் அல்லது இருக்காது, அவ்வளவுதானே. லியோனில் ஜக்கார்டு அந்தப் பெட்டியை அமைத்தது 1804-இல். கணினிக்காரர்கள் பிறகு வந்து பங்கு கேட்டவர்கள்.

அறுந்த கண்ணாடி இழையை லைன்காரத் தம்பி ஒரு சிறு பெட்டியில் வைத்து மின்பொறியால் ஒட்டுவதைத் தறிக்காரர் கூர்ந்து பார்த்தார். பாவு தீர்ந்தால் ஆயிரக்கணக்கான இழைகளை விரல் நுனியில் முறுக்கிப் பிணைப்பவர்களைக் கண்டவர் அவர். "ஒண்ணே ஒண்ணுக்கு இவ்ளோ பெரிய பொட்டியா?"

ஆனால் அந்த ஒன்றில் தொங்குவது ஒரு தெரு. வழக்கமான ஏற்பாட்டில் ஓர் இழை, பிரிப்பான் வழியாக 32 வீடுகளுக்குப் போகிறது. மொத்தம் விநாடிக்கு 2.5 கிகாபிட். வகுத்தால் வீட்டுக்கு 78 மெகாபிட். விற்பதோ 100. இது மோசடி அன்று, கல்யாணப் பந்திக் கணக்கு: வந்தவர்கள் எல்லாரும் முதல் பந்தியிலேயே உட்கார மாட்டார்கள் என்னும் நம்பிக்கை. இரவு எட்டரை மணிக்கு எல்லாரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்போது சாம்பார் தாமதிக்கும்.

மேற்சொன்ன யாவும், தாழ்மையுடன் தெரிவிக்கிறேன், பயனற்றவை. அறுவடைக் காலத்தில் கரும்பு டிராக்டர் ஒன்று தெருவில் நுழைந்ததும் மெகாபிட் ஆராய்ச்சி முடிந்துவிடும். பாரத்தின் உச்சி ஒயரில் மாட்டும். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரியும். அந்த நொடி முதல் நம் சுவரில் ஏணி சாயும் வரை கழியும் நேரமே வழங்குநரின் உண்மையான வேகம். அதற்கு 'ஏணிப்பொழுது' எனப் பெயரிடுகிறேன். டைரிக் குறிப்புகளின்படி, பெரிய நிறுவனத்தின் ஏணிப்பொழுது புகார் எண் ஒன்றில் தொடங்கி, "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" வழியாக, மூன்றாம் நாள் மாலையில் முடிந்தது. கேபிள்காரரின் ஏணிப்பொழுது, "டீ குடிச்சிட்டு வந்துர்றேன் சார்." ஒரு டீ எத்தனை நிமிடம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, நான் கண்டதில் மிகச் சிறியது 25 நிமிடம், மிகப் பெரியது தீபாவளி.

இவ்வாறு ஏணிப்பொழுதால் மூன்று இணைப்புகளைத் தரவரிசைப்படுத்த முனைந்தபோது ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. எதிர் வீட்டுக்கு ஒரு நிறுவனம், தறிக்காரர் வீட்டுக்கு இன்னொன்று, எனக்கு வேறொன்று. மூன்று வீட்டுச் சுவரிலும் சாய்ந்தது ஒரே மூங்கில் ஏணி; ஏறியது ஒரே தம்பி. சட்டைதான் வேறு.

ஆய்வு நிறைவுறும் தறுவாயில் அவரையே கேட்டேன்: "மூணையும் நீதான் இழுக்குற. உன் வீட்டுல எது போட்டிருக்கப்பா?"

ஏணி உச்சியிலிருந்து ஒயரைப் பல்லில் கடித்தபடி கீழே பார்த்தார். "எங்க வீட்லயா சார்? செல்லுல இருக்கிற டேட்டாவே மிச்சம். வீட்டுல நான் என்னிக்கி இருந்தேன்?"