இறக்கத்துல ஏது டென்ஷன்?

வா அப்பு, இப்படித் திண்ணையில உக்காரு. மூச்சை இழு, நாலு எண்ணு, வெளிய விடுன்னு போனுக்குள்ள இருந்து ஒரு பொண்ணு சொல்றா; அதுக்கு நீ மாசாமாசம் பணம் கட்டுறியாமே? உங்க ஐயாவுக்கு நான் ஓசியிலேயே எவ்வளவோ சொன்னேன், மனுசன் ஒருநாள் காதுல வாங்கல.

மெத்தையும் மாத்திட்டியாம், அப்பயும் தூக்கம் இல்லையாம். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துல ஏறிப் பாரு. பாறை இடுக்குல 17 கல் படுக்கை இருக்கு. தலகாணிக்குக்கூட கல்லுலயே மேடு விட்டு, வழவழன்னு இழைச்சு வச்சிருக்காக. 2000 வருசத்துக்கு முந்தி சமணச் சாமிமாரு அதுலதான் படுத்தாகளாம். தவணை கட்டுற கவலை இல்லாதவுகளுக்குக் கல்லும் மெத்தைதான். அவுகள்ல சில பேரு அன்னந்தண்ணி விட்டு, அங்கனயே உசுரையும் விட்டதாச் சொல்றாக. உனக்கு அம்புட்டு ரிலாக்ஸ் வேணாம், சாமி.

என் வைத்தியம் வேற. 1991-ல அறிவொளி இயக்கம் வந்துச்சு. ஷீலா ராணி சுங்கத்துன்னு கலெக்டரம்மா. எழுத்துப் படிக்க வாங்கன்னாக, அப்படியே சைக்கிளும் பழகுங்கன்னாக. பகலெல்லாம் குவாரியில ஜல்லி ஒடைச்சுட்டு, பொழுது சாய சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஏறுவோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்கல. கிடைக்காட்டிப் போகுது, ஜென்ட்ஸ் சைக்கிள்லதான முன்கம்பி இருக்கு, பிள்ளையை உக்கார வைக்கலாம்ல? உங்கப்பன் அந்தக் கம்பியில உக்காந்து ஊர் சுத்துனவன்தான். இன்னைக்குக் காருக்குள்ள ஏசி பத்தலைங்கிறான்.

டீக்கடை பெஞ்சுல இருந்த ஆம்பளைக கேலி பேசாத பேச்சில்ல. ஒரு முக்குத் திரும்பினாப் போதும், அவன் சத்தம் அவனுக்குத்தான். இறக்கம் வந்துச்சுன்னா மிதிக்கிறதை விட்டுட்டு சும்மா உக்காந்திருப்பேன். காத்து மூஞ்சியில அடிக்கும். மாமியா, வட்டிக்காரன், குவாரி மேஸ்திரி எல்லாரும் பின்னாடி தங்கிருவாக. அவுகளை மறக்கணும்னு நான் தவம் கிடக்கல. நடுரோட்டுல எருமை நிக்கும்ல, அதைப் பாக்குறதா, மாமியாளை நினைக்கிறதா? ரெண்டும் ஒரே நேரத்துல தோணாது அப்பு. சில சமயம் வித்தியாசமும் தெரியாது, அது வேற கதை.

நீயும் சைக்கிள் மிதிக்கிறியாம்ல, ஜிம்முல? நகராத சைக்கிளு! காசும் குடுத்து, வேர்வையும் விட்டு, எறங்கினா ஏறின இடத்துலயே நிக்கிற. முன்னால டிவி வேற வச்சிருக்கானாம், அதுல ஊர்ச்சண்டை. அதுக்கு உன் ஆபீஸே தேவலையே.

விடிஞ்சதும் என் சைக்கிளை எடுத்துக்கிட்டு அன்னவாசல் போயி, வெத்தலை பாக்கு வாங்கியா. போனு இங்கனயே கிடக்கட்டும். பின்பிரேக்கு சரியாப் புடிக்காது, முன்னாடியே சொல்லிட்டேன். இறக்கத்துல உன் மேனேஜர் நெனப்பு வந்தா, திரும்பி வந்து சொல்லு, பாப்போம்.