நெத்திலி நிறுவையும் மின்னழுத்தச் சீராக்கமும்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

புதுச்சேரியின் முதல் முதல்வர் எதுவார் குபேரின் பெயரால் ஏட்டில் குபேர் அங்காடி. ஊர் வாயில் பெரிய மார்க்கெட். அங்கே மீன்காரம்மா கால் கிலோ நெத்திலி நிறுப்பதற்கும், 12 வோல்ட்டை 5.1 வோல்ட்டாக்கும் சர்க்யூட்டுக்கும் உள்ள ரத்த உறவை அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறை இன்றோடு தீர்ந்தது.

ஆய்வுக் கருவிகள்

கைத்தராசு 1, எடைக்கல் 1, நெத்திலிக் கூடை 1, அம்மா 1. எலெக்ட்ரானிக் தராசுக்காரர்கள் ஆய்விலிருந்து விலக்கப்பட்டார்கள்.

ஒப்பீடு

எடைக்கல்தான் 5.1 வோல்ட் சீனர் டையோடு: வாங்க வருபவர் யாரானாலும் அதன் எடை மாறாது. தராசு, ஆப்-ஆம்ப். கல் ஒரு தட்டில், மீன் மறு தட்டில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முள்ளால் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு மீனையும் அது தூக்காது. தூக்குவது அம்மாவின் கை; அதுவே டிரான்சிஸ்டர். ஆப்-ஆம்ப் 20 மில்லி ஆம்பியர் கொடுத்தால், 50 மடங்கு பெருக்கும் டிரான்சிஸ்டர் லோடுக்கு 1 ஆம்பியரைத் தள்ளும்.

ஃபேர்சைல்டு கம்பெனியின் 741 ஆப்-ஆம்ப் வெளிவந்தது 1968இல். தராசு அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. காப்புரிமை யாருக்கு என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

களஆய்வு

“யக்கா, இது நைஞ்சிருக்கு” என்று ஒருத்தி நாலு மீனைத் தட்டிலிருந்து பொறுக்கி எறிந்தாள். தட்டு மேலேறியது, முள் சாய்ந்தது, கை கூடைக்குள் போனது. யாரும் கணக்குப் போடவில்லை. லோடு கூடினால் சர்க்யூட்டில் நடப்பதும் இதுதான்.

இன்னொரு நுட்பம். டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.7 வோல்ட் தொலைகிறது. எனவே ஆப்-ஆம்ப் 5.8 வோல்ட் தருகிறது. அதற்கு இதை யார் சொன்னது? ஒருவரும் இல்லை. ஈரக்கையில் ஒட்டிக்கொண்ட மீன் எத்தனை என்று தராசுக்கும் தெரியாது. தட்டில் விழுந்ததை மட்டும் பார்த்து, முள் நிமிரும்வரை ‘போடு, போடு’ என்கிறது. எமிட்டரிலிருந்து ஆப்-ஆம்புக்குத் திரும்பி வரும் ஒற்றைக் கம்பியில்தான் சூட்சுமம் முழுவதும்.

வரம்புகள்

கூடைதான் 12 வோல்ட் சப்ளை; அது காலியானால் தராசு என்ன சாய்ந்தும் பயனில்லை. 12க்கும் 5.1க்கும் இடைப்பட்ட வோல்டேஜ், 1 ஆம்பியரில் ஏறத்தாழ 7 வாட் சூடாகும். டிரான்சிஸ்டருக்கு ஹீட்சிங்க் வேண்டும். அம்மாவுக்கு டீ போதுமானதாக இருந்தது.

முடிவு: கொசுறுத் தேற்றம்

இந்த டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கத்தான் தெரியும். திரும்ப வாங்கத் தெரியாது. லோடு சட்டென்று குறைந்து வோல்டேஜ் ஏறிவிட்டால், அது கதவை மூடிக்கொண்டு, ஏறியதை லோடே குடித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கும். கடைசிக் கைப்பிடியில் நெத்திலி சற்றுக் கூடுதலாக விழுந்து, மீன் தட்டு தாழ்ந்தது. அம்மா தட்டைப் பார்த்தார், கையை மடக்கிக்கொண்டார்.

“இருக்கட்டும், எடுத்துக்கினு போ. கொசுறு.”