செய்திகள், வாசிப்பது மிஸ்

பெருங்குடியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை, பழைய மாமல்லபுரம் சாலையின் கிளைத் தெருக்களில் ஒட்டகச்சிவிங்கி வரைந்த காம்பவுண்டுச் சுவர் தென்பட்டால் அது டே கேர். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அதன் வாசலில் ஒருவர் நிற்பார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு குழந்தை. மூன்றும் ஒரே வீட்டுடையவைதானா என்பதைக் கடைசி நொடியில்தான் சரிபார்ப்பார். அவர்தான் மிஸ். ஒன்பது மணி நேரம் நடந்ததை வாசலில் நிற்கும் பெற்றோருக்கு ஒரு நிமிடத்தில் சொல்லி அனுப்ப வேண்டும். ஆகாசவாணித் தமிழ்ச் செய்திக்காவது பத்து நிமிடம் உண்டு.

தலைப்புச் செய்தி எப்போதும் சோறுதான். "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டான்?" என்று ஆரம்பிக்கிற பெற்றோரை நம் ஊரில் பார்ப்பது அரிது.

"சாப்ட்டானா மிஸ்?"

"நல்லா சாப்ட்டான் மேம்."

"டப்பா அப்படியே இருக்கே?"

"உங்க தயிர் சாதத்தைப் பக்கத்துப் பாப்பா சாப்ட்டுட்டா. பாப்பாவோட பீட்ரூட் சாதத்தை இவன் சாப்ட்டான்."

"பீட்ரூட்டா? வீட்ல கண்ணுலயே காட்ட முடியாதே!"

இந்த இடத்தில் அம்மாவின் முகத்தில் பெருமையும் அவமானமும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். அனுபவமுள்ள மிஸ் அதில் தலையிட மாட்டார். பையைக் கொடுத்துக்கொண்டே, "நாளைக்குக் காலைல டயப்பர் சிவப்பா இருந்தா பயந்துடாதீங்க, பீட்ரூட்டுதான்" என்பார். இந்த ஒரு வரியைச் சொல்ல மறந்தால், மறுநாள் காலை ஒரு குழந்தை மருத்துவர் தூக்கத்திலிருந்து எழுப்பப்படுவார். செய்தி சொல்வதில் மிஸ்ஸின் கைத்திறன் இங்கேதான் தெரியும். நடந்தது மட்டுமல்ல, இனி வீட்டில் நடக்கப்போவதும் அவர் அறிக்கையில் உண்டு.

அடுத்தது தூக்கம். இதை அப்பாக்கள் கேட்பார்கள். அக்கறை இல்லாமல் இல்லை, ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்காக்காரர்களோடு கால் இருக்கிறது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதில் எவ்வளவு டே கேர் கணக்கில், எவ்வளவு வீட்டுக் கணக்கில் என்பதுதான் வழக்கு. "மூணு மணிக்கு எழுப்பிடுங்கன்னு சொன்னேனே?" என்பார் அப்பா. "எழுப்பினேன் சார். அவன் எழுந்திருக்கல" என்பார் மிஸ். இரண்டுமே உண்மை.

கேமரா வந்த பிறகு மிஸ்ஸின் தொழிலில் ஒரு புதுச் சிக்கல். சில இடங்களில் பெற்றோர் அலுவலகத்திலிருந்தே கைபேசியில் வகுப்பறையைப் பார்க்கலாம். எனவே செய்தியைக் கேட்க வருகிறவரே பாதிச் செய்தியோடு வருகிறார். "மிஸ், ரெண்டே முக்காலுக்கு அவன் அலமாரிக்குப் பின்னாடி தனியா நின்னுட்டிருந்தான். யாருமே கண்டுக்கல. அஞ்சு நிமிஷம் பார்த்தேன்." மிஸ் குரலைத் தாழ்த்துவார். "மோஷன் போயிட்டிருந்தான் சார். அப்ப பக்கத்துல போனா அவனுக்குக் கோவம் வரும்." அந்த வயதுக் குழந்தைகள் பலர் இதற்கென்று ஒரு மறைவிடம் வைத்திருப்பார்கள். அலுவலக மீட்டிங்கில் இருந்தபடியே அதை முழுசாகப் பார்த்து முடித்த அப்பா, அதற்குப் பிறகு நேரம் குறித்துக் கேள்வி கேட்பதில்லை.

சட்டமும் தன் பங்குக்கு வாசலைப் பெரிதாக்கியிருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்த விதிப்படி, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். நல்ல சட்டம். நான்கு முறை சந்தித்தால் நான்கு முறை பிரிய வேண்டும் என்பதை மட்டும் மிஸ்தான் அனுபவிக்கிறார்.

சொல்லக்கூடாத செய்திகள் தனி. குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைப் பகல் பதினொன்றரைக்கே பார்த்துவிட்டு, "நடக்கப் போறான்னு நினைக்கிறேன் மேம், இந்த வாரம் பார்த்துக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொல்கிற மிஸ்கள் உண்டு. கையில் பல்தடம் இருந்தால் அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஐஸ் வைத்தது, கழுவியது, எத்தனை மணிக்கு என்பது எல்லாம் சொல்வார். கடித்தது யார் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார். "ஒரு ஃபிரெண்டு" என்பார். அதற்குள் இடுப்பிலிருக்கும் பாதிக்கப்பட்டவன், கேட்டுக்கு வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் ஃபிரெண்டைச் சுட்டுவிரலால் காட்டிவிடுவான்.

இங்கிலாந்து நர்சரிகளில் இதெல்லாம் எழுத்தில் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், அடிபட்டால் அன்றே பெற்றோருக்குத் தெரிவித்துப் பதிவும் செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே. சின்னக் குழந்தைகளுக்கு ரென்ராகுச்சோ என்றொரு தொடர்புக் குறிப்பேடு. ராத்திரி எப்போது தூங்கியது, உடல் வெப்பம், காலை உணவு, மலம் எல்லாவற்றையும் பெற்றோர் எழுதித் தர வேண்டும். பகலை ஆசிரியை எழுதித் திருப்பித் தருவார். நம் மிஸ்ஸுக்கு இது கிடைத்தால் முதல் பக்கத்தை மட்டும் கேட்பார். காலை எட்டரைக்கு "கொஞ்சம் டல்லா இருக்கான் மிஸ், ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஓடுகிறவர்கள், ஆறு மணிக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தோமே என்று சாவகாசமாக நினைவுகூர்வதால்.

தாத்தா அழைத்துப்போக வரும் நாட்கள் இன்னொரு ரகம். மிஸ் இரண்டு நிமிடம் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்: மத்தியானம் லேசாகச் சளி, நாளைக்குப் பச்சை நிற உடை, மருந்து பையின் முன் அறையில். தாத்தா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். வீட்டில் மருமகள் கேட்டால், "நல்லா இருந்தானாம்மா" என்பார். மறுநாள் ஒரே ஒரு குழந்தை நீலச் சட்டையில் வரும்.

இவ்வளவுக்கும் நடுவே, நாள் முழுக்கச் சிரித்து விளையாடிய குழந்தை அம்மாவைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி ஓவென்று அழும். "அழவே இல்ல மேம்" என்று மிஸ் சொல்லி வாய் மூடுவதற்குள் இது நடப்பதால் நம்பகத்தன்மை அடிபடும். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பை அறியச் செய்த சோதனைகளில், தாய் வெளியே போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதைத்தான் அதிகம் கவனித்தார். மிஸ் அதைப் படித்திருக்க வேண்டியதில்லை. "உங்களைப் பார்த்தாத்தான் மேம் அழுகை வருது" என்பார். பாராட்டாகத்தான் சொல்கிறார், கேட்பவருக்கு அப்படித் தோன்றுவதில்லை.

கிராமத்து அங்கன்வாடி டீச்சருக்கு இந்த வாசல் கூட்டம் கிடையாது. பாட்டி வருவார், "முட்டை தின்னானா?" என்பார், "தின்னான்" என்றதும் போய்விடுவார். ஆனால் அங்கேயும் செய்தி நிற்பதில்லை. 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் குழந்தையின் எடையும் உயரமும் ஏறுகின்றன. பேரனின் எடை தில்லிக்குப் போன வேகத்தில் பாட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

மிஸ்ஸுக்கு ஒரே போட்டியாளர் குழந்தைதான். பைக்கில் முன்னால் உட்கார்ந்ததும் அது தன் அறிக்கையைத் தொடங்கும். "நேத்து ஸ்கூலுக்கு மாடு வந்துச்சு." அப்பாவும் அம்மாவும் ரசித்துச் சிரிப்பார்கள். என்ன கற்பனை! வாட்ஸ்ஆப்பில் அத்தைக்கும் சித்திக்கும் அனுப்புவார்கள். மறுநாள் அப்பா அதை வாசலில் சிரித்துக்கொண்டே சொல்ல, மிஸ் ஒரு நொடி ஆயாம்மாவைப் பார்ப்பார். மூன்று வயதில் கடந்து போன நாள் எல்லாமே நேற்றுதான்.

"நேத்தில்ல சார். போன வாரம். கேட்டைப் பூட்ட மறந்துட்டாங்க."