பாக் விரிகுடா என்னும் ஏரி: கோட்டைப்பட்டினத்துக் கோடை இன்பங்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

கோடை விடுமுறைக்கு ஏரிக்கரைக்குப் போவதுதான் நாகரிகம் என்றொரு கருத்து நாட்டில் வேரூன்றிவிட்டது. கொடைக்கானலில் ஓர் ஏரி, ஊட்டியில் ஓர் ஏரி, ஏற்காட்டில் ஓர் ஏரி. தமிழர் மலை ஏறுவதே மேலே கிடக்கும் தண்ணீரைப் பார்க்கத்தான் என்று நிறுவ இந்த மூன்று சான்றுகளே போதும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அறிஞர் எவரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. புதுக்கோட்டை மாவட்டம், மணமேல்குடி வட்டம், கோட்டைப்பட்டினம். ஊருக்குக் கிழக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். இந்த ஊரார் மே மாதம் பிறந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு வேன் பிடித்து, அறந்தாங்கி, புதுக்கோட்டை, திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து, 60 ஏக்கர் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இது என்ன கணக்கு என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் இலக்கணம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். இலக்கணம் அனுமதிக்காத இன்பத்தை ஆராய்வது வீண். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியவை என்று அகப்பொருள் நூலார் தாராளமாக விட்டுவிட்டதால், கோட்டைப்பட்டினத்தில் கோடை வருவதற்குத் தடை ஏதுமில்லை. சிறுபொழுதில்தான் தகராறு. வேனிலும் நண்பகலும் கூடினால் அது பாலை. சித்திரை வைகாசியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தார் இளகிக்கொண்டிருக்கும் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை ஊர் முழுக்கப் பாலையே என்க. வெயில் சாய்ந்து கடல்காற்று உள்ளே வந்ததும் எற்பாடு, நெய்தல் மீண்டுவிடும். ஒரே ஊர் ஒரே நாளில் இரண்டு முறை திணை மாறுவதைப் பழைய உரையாசிரியர்கள் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். இடைப்பட்ட நான்கு மணி நேரம் தலைவன், தலைவி, தோழி, செவிலி அனைவரும் மின்விசிறிக்குக் கீழே ஒரே பாயில் கிடப்பர். மின்சாரம் போனால் நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல் உடனே தோன்றும்.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள்வயிற் பிரிவை இந்தக் கடற்கரைக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று வீட்டுக்கு வெளிநாடு போன சபுராளி ஒருவராவது இருப்பார். அவர் லீவில் வந்தால் முதல் கோரிக்கை கொடைக்கானல்தான். பாலையில் பிரிந்தவர் குறிஞ்சியில் போய்க் கூடுகிறார்; குறிஞ்சிக்கு உரிப்பொருள் என்ன என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும், ஆகவே நான் சொல்லவில்லை. குறிஞ்சிப் பூ 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது என்று வியக்கிறோம். கடைசியாக 2018இல் பூத்தது. சில கம்பெனிகளில் லீவும் ஏறக்குறைய அப்படித்தான் கிடைக்கிறது.

இனி நம் கோள்: பாக் விரிகுடா கடல் அன்று, ஏரி. ஆகவே கோட்டைப்பட்டினத்தார் கொடைக்கானலுக்குப் போவது ஏரிக்கரையிலிருந்து ஏரிக்கரைக்குப் போவதேயாகும்.

என்னை? எனின், அலையைப் பாருங்கள். கிழக்கே இலங்கை குறுக்கே படுத்துக்கொண்டு வங்கக் கடலின் பேரலைகளைத் தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் வந்து சேருவது கரையைத் தொட்டோமா இல்லையா என்று சந்தேகப்படும் ஒரு நெளிவு. புயல் நாள்களை விட்டுவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா வந்தபோது எந்த ஏரிதான் ஏரியாக இருந்தது? ஆழமும் அப்படியே. விரிகுடாவின் பெரும்பகுதி 13 மீட்டரைத் தாண்டாது. கரையோரம் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பு நனையாத இடங்கள் உண்டு. தெற்கே ராமர் பாலத்தின் மணல் திட்டுகளும் ராமேசுவரம் தீவும் கரையாக நிற்கின்றன. கரை என்றால் மதகு வேண்டுமே? பாம்பன் கால்வாய் இருக்கிறது. மதகுக்குப் பலகை? 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே செங்குத்தாக மேலே ஏறி வழிவிடுகிறது. இதைவிடப் பெரிய மதகுப் பலகையை எந்தக் கண்மாயில் கண்டோம்? வடக்கே கோடியக்கரைப் பக்கம் திறந்துகிடக்கிறதே எனின், அது கலிங்கு.

இவை எல்லாவற்றுக்கும் மேலான சான்று ஒன்று உண்டு. ஏரி என்றால் மாடு மேய வேண்டும். 2022 செப்டம்பரில் தமிழக அரசு, அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. அம்மாபட்டினம் கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர். அடியில் கடற்புல், மேலே அதை மேயும் பசு, கரையில் அரசாணை. இதற்குப் பிறகும் அதைக் கடல் என்பவரோடு வாதிட நான் தயாரில்லை.

உப்புக் கரிக்கிறதே எனின், அற்றன்று; பழவேற்காட்டுத் தண்ணீரும்தான் கரிக்கிறது, அதை ஏரி என்றுதானே சொல்கிறோம்? ராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரியில் உப்பையே விளைவிக்கிறார்கள்.

பெயர் வரலாற்றையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானலில் மூன்று ஓடைகளை மறித்து 1863இல் ஏரியை உண்டாக்கியவர் மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச். சொந்த முயற்சியில் செய்தார். ஏரிக்கு அவர் பெயர் ஒட்டவில்லை. 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராயிருந்த ராபர்ட் பாக் கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு கூடை மண்கூட அள்ளியதில்லை. அவர் பெயரில் நீரிணையும் இருக்கிறது, விரிகுடாவும் இருக்கிறது. அரசுப் பணியில் இதெல்லாம் சகஜம். லெவிஞ்ச் தம் ஏரிக்கு முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பார்கள். ஆகக் கடற்கரைக்காரரின் படகு இல்லாமல் மலைக்காரரின் ஏரி இன்பம் தொடங்கவே இல்லை. இந்தக் குறிப்பை என் கட்சிக்கு வலுவாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவு நிறுவிய பின்னும் கேள்வி நிற்கிறது. வீட்டு வாசலில் ஏரி இருக்க, எதற்கு மலையேற்றம்? நூல்களில் விடை இல்லாததால் களத்தில் இறங்கினேன். இரண்டு விசைப்படகு வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர், கொடைக்கானல் ஏரியில் குடும்பத்தோடு மிதிபடகு விட்டு வந்தவர். படகை மேட்டில் ஏற்றிப் பலகைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

“எப்படிண்ணே இருந்துச்சு?”

“டீசல் கேக்கல தம்பி.”

“வேற?”

“ஒரு சின்னப் பய லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, ‘சார், நீச்சல் தெரியுமா’ன்னு கேட்டான். தெரியாதுன்னுட்டேன். தெரியும்னா அப்புறம் ஊரு, தொழிலுன்னு எல்லாத்தையும் சொல்லணும்.”

“மீனு கிடக்கா அங்க?”

“ஒரு எடத்துல துள்ளுச்சு. கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன். ‘அத்தா, அங்க பாருங்க மீனு’ன்னு மக கத்துது. பாத்தேன். சும்மா பாத்தேன். மீனைச் சும்மா பாத்து எத்தனை வருசமாச்சு!”

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே முனைவர் பட்டம் கொடுக்கலாம். இன்பத்துக்கு உரிய தண்ணீர் என்பது பிழைப்பு நடத்தாத தண்ணீர். பாக் விரிகுடாவில் பாடு உண்டு, பனிக்கட்டிக் கணக்கு உண்டு, வாரத்தில் சில நாள்தான் விசைப்படகு போகலாம் என்ற முறை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக நடுவில் ஒரு கோடு உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரியில் பிறந்தது. அதே ஆண்டு ஜூனில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்டுத் தண்ணீரின் மேல் அந்தக் கோட்டைப் போட்டன. அதைத் தாண்டியதாகச் சொல்லிப் படகும் ஆளும் பிடிபட்டால் மாதக்கணக்கில் வீட்டில் அடுப்பு சரியாக எரியாது. கொடைக்கானல் ஏரியில் எந்தப் பக்கம் மிதித்தாலும் இலங்கைக் கடற்படை வராது. அரை மணி நேர வாடகையில் இந்த நிம்மதியும் சேர்த்தி என்பதை அங்கே சீட்டுக் கிழிப்பவர் அறிய மாட்டார்.

இன்னொரு பக்கம் ஒற்றுமையும் வளர்ந்துவருகிறது. விசைப்படகு கடலுக்குள் போக மீன்வளத் துறை டோக்கன் வேண்டும். 2024 மே 7 முதல், உயர்நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானல் ஏற இ-பாஸ் வேண்டும். கூட்டம் தாங்காத மலைக்கு அது தேவையான உத்தரவுதான். “அங்கயும் டோக்கன் வந்துருச்சா?” என்று சம்மாட்டி கேட்டபோது குரலில் கொஞ்சம் திருப்தி இருந்ததாக எனக்குப் பட்டது.

கோடை இன்பம் என்றால் திரைப்படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதிகம் இல்லை. மே மாதத்தில் மதியக் காட்சிக்குப் போகிறவருக்குக் குளிர் முதற்பொருள், படம் கருப்பொருள், உரிப்பொருள் உறக்கம். ‘படம் எப்படி?’ என்று கேட்டால் ‘ஏசி நல்லா இருந்துச்சு’ என்பதே நேர்மையான விமர்சனம். படமும் பயணமும் ஒன்றாகும் இடமும் உண்டு. கொடைக்கானலில் ஒரு குகை 1991இல் வந்த ‘குணா’ படத்தால் பெயர் பெற்றது; 2024இல் ‘மஞ்சுமெல் பாய்ஸ்’ வந்ததும் அங்கே கூட்டம் மறுபடி நெரிந்தது. அந்தப் படத்தில் ஒரு பையன் விழுந்த பள்ளத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு போவது எந்தத் திணை என்று தீர்மானிக்க முடியவில்லை, பெருந்திணையில் வைத்திருக்கிறேன்.

அடுத்தது, யாருக்கு விடுமுறை என்னும் கேள்வி. தமிழ்நாட்டில் கோடை விடுமுறையைச் சட்டப்படி அனுபவிப்பது மீன்தான். இனப்பெருக்கக் காலம் என்பதால் 2001இல் 45 நாள் தடை தொடங்கியது; 2017 முதல் 61 நாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய. பள்ளிப் பிள்ளைகளுக்கே அவ்வளவு கிடையாது. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். நாட்டுப்படகு மட்டும் போய்வரும். ஆகையால் தகப்பனும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் அரிய காட்சி இவ்வூரில் ஆண்டுதோறும் அரங்கேறுகிறது. ஆனால் தகப்பனுக்கு அது லீவு என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்ஜினை இறக்க வேண்டும், பலகை மாற்ற வேண்டும், வலை பின்ன வேண்டும், இத்தனைக்கும் கடன் வாங்க வேண்டும். லீவில் இருக்கும் மீன் அடியில் முட்டையிட்டுப் பெருகும்போது, லீவில் இருக்கும் மீனவருக்கு வட்டி பெருகுகிறது.

இதே நாள்களில் மேற்கே, இதே மாவட்டத்தின் உள்நாட்டு ஊர்களில் நடப்பதுதான் ஆய்வாளனைத் திகைக்க வைப்பது. கண்மாய்கள் வற்றத் தொடங்கும். கல்லணைக் கால்வாய் 1934இல் மேட்டூர் அணையோடு பிறந்தது; அதன் கடைமடை மணமேல்குடிப் பக்கம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் இங்கே வந்து சேர நாளாகும். அதுவரை கண்மாயின் மேல்பாதி கிரிக்கெட் மைதானம். கீழ்ப்பாதியில் முழங்கால் அளவு சேறும் தண்ணீரும். அப்போதுதான் மீன்பிடித் திருவிழா. சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சேதி போய்விடும். விடியலிலேயே ஊத்தா, கச்சா, தூரி, கொசுவலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு கரையில் ஆயிரக்கணக்கில் கூடி நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அந்த ஒரு வீச்சில் அத்தனை பேரும் தண்ணீருக்குள். விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி, எது மாட்டினாலும் அவரவர்க்கு. சாதி, ஊர், உறவு பாராமல் எல்லார் முகத்திலும் ஒரே சேறு. பிடித்ததை விற்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். குழம்பாகவே முடிய வேண்டும். அன்று அந்த ஊரில் எந்த வீட்டைத் தாண்டினாலும் புளியும் மிளகாயும் கொதிக்கும் வாசனை.

கடலோரத்தில் மீன்பிடிக்கத் தடை நடக்கும் மாதத்தில் வயலோரத்தில் மீன்பிடிக்குத் திருவிழா. மீனவர் மலைக்குப் போய் மீனைச் சும்மா பார்க்கிறார். உழவர் கண்மாயில் இறங்கி மீனைத் துரத்துகிறார். மீனவர் தம் தண்ணீரை விட்டும் உழவர் தம் வயலை விட்டும் இடம் மாற்றிக்கொள்வதே கோடை. குற்றாலம், கொடைக்கானல் எல்லாம் இதன் விரிவுரைகள்.

இவ்வாய்வு முடிவை வெளியிடுவதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. மீமிசல் பக்கம் முத்துக்குடாவில் அலையாத்திக் காடு இருக்கிறது. அதைச் சுற்றுலாத் தலமாக்கும் வேலையும் நடந்திருக்கிறது. கோட்டைப்பட்டினத்து நீர்ப்பரப்பும் ஏரிதான் என்று நிறுவிவிட்டால், அடுத்த கோடைக்குள் கரையோரம் குதிரை வந்துவிடும், வாடகைச் சைக்கிள் வந்துவிடும், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றின் விலை இரட்டிப்பாகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏரி என்றால் வற்றும் காலத்தில் சுற்றுவட்டாரத்தார் எல்லாருக்கும் இறங்கிப் பிடிக்கும் உரிமை உண்டே. திருமயத்திலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் ஊத்தாவோடு லாரி பிடித்து வந்து நின்றால் துண்டை வீசுவது யார், கோட்டைப்பட்டினமா, பக்கத்து ஜெகதாப்பட்டினமா? எதிர்க்கரை யாழ்ப்பாணத்தார் தங்களுக்கும் ஒரு துண்டு உண்டு என்பார்கள், அதில் நியாயமும் இருக்கும்.

கட்டுரையின் சுருக்கத்தைச் சம்மாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். வர்ணத் தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டுக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“ஏரின்னே எழுதிக் குடுங்க தம்பி. ஏரிக்குத் தடைக்காலம் கிடையாதுல்ல?”