கெடாவில் இரும்பைத் தேடி: பீட்ரூட்டும் ரத்தமும் குறித்து ஒரு முன்னாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கூலிம் முதல் அலோர் ஸ்டார் வரை, கெடா மாநிலத்துத் தமிழ் வீடு எதிலாவது ஒரு பெண்பிள்ளை "தலை சுத்துது" என்று உட்கார்ந்துவிட்டால், அடுத்த நொடியே அவ்வீட்டில் மருத்துவர் ஒருவர் எழுந்தருள்வார். பெரும்பாலும் அவர் பாட்டி. பாட்டி ஊரில் இல்லையென்றால் பக்கத்து வீட்டு அத்தை. பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் பத்தல. பீட்ரூட் வாங்கிக் குடு, ரெண்டே வாரத்துல ஊறிடும்" என்று தீர்ப்பு வழங்குவார். மேல்முறையீடு கிடையாது.

இத்தீர்ப்பு தோட்டத்து லயத்து வீடுகளில் தொடங்கி, தமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, இன்று கைத்தொலைபேசிக் குடும்பக் குழுக்கள்வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆயினும் முறையான ஆய்வுக்கு இன்னும் உட்படவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு வினா ஒன்றே ஒன்றுதான்: பீட்ரூட்டில் இருப்பதாகச் சொல்லப்படும் இரும்பு எங்கே?

2. ஆய்வுக் களம்

களமாகப் பீடோங், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், கோலக் கெட்டில் வட்டாரங்கள் கொள்ளப்பட்டன. காலையில் மாமாக் கடை, மாலையில் பாசார் மாலாம், விசேஷ நாளில் கோயில் அன்னதானப் பந்தி ஆகியவை துணைக் களங்கள்.

களத்தைப் பற்றிய முதல் உண்மை ஆய்வாளருக்கே அதிர்ச்சி அளிக்கக்கூடியது. கெடாச் சமவெளியில் பீட்ரூட் செழிப்பாக விளையாது. நெல் விளையும், பால் மரம் வளரும், செம்பனை கேட்காமலே வளரும். பீட்ரூட்டுக்கோ குளிர் வேண்டும். 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை நிற்கிறது. ஆனால் அங்கே காடு இருக்கிறது, மேகம் இருக்கிறது, சுற்றுலா விடுதி இருக்கிறது, பீட்ரூட் பாத்தி இல்லை. ஆகவே நமக்கு ரத்தம் ஊறவைக்கும் பொறுப்பைக் கேமரன் மலை ஏற்றுக்கொண்டு, மீதியை வெளிநாட்டுக் கப்பல்களிடம் விட்டிருக்கிறது. கெடாத் தமிழரின் ரத்தம் லோரியில் வருகிறது என்பது இவ்வியலின் முடிவு.

3. முன்னோர் கண்டவை

முதலாம் இராசேந்திரன் 1025-இல் கடாரத்தை, அதாவது நம் கெடாவை, வென்றதை அவன் மெய்க்கீர்த்தி விரிவாகச் சொல்கிறது. யானைகளைக் கவர்ந்தது உண்டு, மணிகள் பதித்த வாயில்கள் உண்டு. காய்கறி எதுவும் கவரப்பட்டதாகக் குறிப்பில்லை. சோழர் படை பீட்ரூட் உண்ணாமலேயே கடல் கடந்து வென்றது எனக் கொள்ளலாம்.

ஐரோப்பாவில் 1747-இல் மார்கிராஃப் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பீட் கிழங்கில் இருப்பது கரும்புச் சர்க்கரையேதான் என்று காட்டினார். அவர் மாணவர் ஆக்கார்டு 1801-இல் சைலீசியாவில் அதற்கென்றே ஓர் ஆலையை நிறுவினார். பிரிட்டனின் கடல் முற்றுகையால் கரும்புச் சர்க்கரை வராமற்போக, நெப்போலியன் 1811-இல் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பீட் பயிரிட ஆணையிட்டார். கவனிக்க: மூவரும் அதில் தேடியது சர்க்கரையை. இரும்பை எவரும் தேடவில்லை. ஏன் என்பது ஐந்தாம் இயலில் விளங்கும்.

அண்மைக்கால முன்னோடிகளில் தென்னாப்பிரிக்காவின் சுகாதார அமைச்சராக இருந்த மாண்டோ ஷபலாலா-சிமாங்கை விட்டுவிட முடியாது. எய்ட்ஸ் நோய்க்குப் பீட்ரூட்டையும் பூண்டையும் எலுமிச்சையையும் அவர் முன்னிறுத்த, உலகம் அவருக்கு 'டாக்டர் பீட்ரூட்' என்று பட்டம் சூட்டியது. மருந்து கிடைக்கத் தாமதமானதில் உயிர்கள் போயின. நம் பாட்டியிடம் அமைச்சகம் எதுவும் இல்லாதது மலேசியாவின் நல்லூழ்.

4. கருதுகோளும் அதன் வீழ்ச்சியும்

பாட்டியின் மருத்துவத்துக்கு அடியில் கிடக்கும் கோட்பாட்டை 'நிறம் நிறத்தை வளர்க்கும்' என வரையறுக்கலாம். பீட்ரூட் சிவப்பு, ரத்தமும் சிவப்பு, ஆகவே இது அதுவாகும்.

இக்கோட்பாட்டைச் சோதிக்கக் கெடாவைவிடச் சிறந்த களம் உலகில் இல்லை. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, ஐந்நூறு மரம் வெட்டி, வாளி வாளியாக வெள்ளைப் பால் சுமந்தவர்கள் மூன்று தலைமுறையாக இங்கே வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட வெள்ளைக்காரர் ஆகவில்லை. கோட்பாடு இங்கேயே விழுந்தது.

விழுந்ததை வேதியியலும் தூக்கிவிடவில்லை. ரத்தத்தின் சிவப்பு, இரும்பை நடுவில் வைத்த ஹீமோகுளோபினால் வருவது. பீட்ரூட்டின் சிவப்பு பெட்டானின் என்ற நிறமியால் வருவது. அதில் இரும்பு அணு ஒன்றுகூட இல்லை. அந்த நிறமிக் குடும்பமே சிவப்புக் கீரையிலும், செந்நிற டிராகன் பழத்திலும், வேலியோரக் காகிதப்பூவிலும் குடியிருக்கிறது. சோகைக்குக் காகிதப்பூச் சாறு குடிக்க எந்தப் பாட்டியும் இதுவரை சொல்லவில்லை என்பதால், அவர்களும் இக்கோட்பாட்டை முழுமனத்துடன் நம்பவில்லை என்று ஊகிக்க இடமுண்டு.

இவ்விடத்தில், பண்பாடு கருதிப் பலர் தவிர்க்கும் ஒரு தரவையும் பதிவு செய்தாக வேண்டும். பீட்ரூட் உண்டவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பேருக்கு மறுநாள் சிறுநீர் சிவக்கும். அஞ்சி, பசியாறாமல் கிளினிக்குக்கு ஓடுவோர் உண்டு, மிஸ்ஸி கேட்கும் முதல் கேள்வி "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்பதாக இருந்தால் அவர் அனுபவசாலி. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், உடலில் இரும்பு குறைந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ரத்தம் ஊற வேண்டுமென்று யார் குடித்தாரோ, அவரிடமிருந்தே அது சிவப்பாக வெளியேறுகிறது. 'போட்ட ரத்தம் நிற்கவில்லை' என்று பாட்டி அளவை இரட்டிப்பாக்குவார். இதுவே கெடாவின் பீட்ரூட் சுழற்சி.

5. இரும்புக் கணக்கு

நூறு கிராம் பச்சைப் பீட்ரூட்டில் இரும்பு சுமார் 0.8 மில்லிகிராம். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் என்று வைத்தால், அவர் தினமும் இரண்டேகால் கிலோ பீட்ரூட் உண்ண வேண்டும். உண்ண முடிந்தவருக்குச் சோகை இருக்க வாய்ப்பில்லை.

இக்கணக்கு விளையாட்டு, அதன் பின்னணி விளையாட்டல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள மலேசியப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு ரத்தச்சோகை. பாட்டி கண்ட நோய் உண்மையானது. மருந்துச் சீட்டுதான் தவறு.

அப்படியானால் இரும்பு எங்கே? விடை பீட்ரூட்டின் தலையிலேயே இருந்தது. அதன் கீரையில் நூறு கிராமுக்குச் சுமார் 2.6 மில்லிகிராம் இரும்பு. கிழங்கில் உள்ளதைப் போல் மூன்று மடங்கு. ஆனால் வாடிவிடும் என்பதால் அந்தக் கீரை பெரும்பாலும் வழியிலேயே வெட்டி எறியப்படுகிறது. சுங்கைப் பட்டாணிச் சந்தைக்கு வந்து சேர்வது மொட்டைக் கிழங்கு. இரும்பை மலையில் விட்டுவிட்டு, நிறத்தை மட்டும் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். இதற்கிடையே லயத்து வீட்டுக் கொல்லையில், எவரும் காசு கேட்காமல் நிற்கும் முருங்கையின் கீரையில் நூறு கிராமுக்கு 4 மில்லிகிராம். தஞ்சோங் டாவாயில் காயும் நெத்திலியில் உள்ள இரும்பின் ஒரு பகுதியோ, கீரையின் இரும்பைவிட எளிதில் உடலில் சேரும் வகை.

இன்னொரு விடை மண்ணுக்குள் இருக்கிறது. பீடோங்குக்குப் பக்கத்தில் சுங்கை பத்து. 2009 வாக்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் அங்கே செம்பனைகளுக்கு நடுவே தோண்டியபோது, இரும்பு உருக்கிய உலைகளும், காற்று ஊதும் சுடுமண் குழாய்களும், கசடுக் குவியல்களும் வெளிப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கும் வெகு முன்பே இரும்பு உருக்கி விற்ற பூமி இது. அதன்மேல் நின்றுகொண்டு கேமரன் மலைக் கிழங்கில் இரும்பு தேடுகிறோம் என்பது இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு.

6. குற்றவாளிகள் இருவர்

பழைய தோட்டத்துச் சமையல் இரும்புச் சட்டியில் நடந்தது. இரும்புச் சட்டியில் புளிப்புள்ள எதைச் சமைத்தாலும் சட்டியிலிருந்து சிறிதளவு இரும்பு உணவில் இறங்கும் என்பது சோதித்தறிந்த உண்மை. ஆக, அன்று பீட்ரூட் பொரியல் தின்று எவரேனும் தேறியிருந்தால், அந்தப் பெருமையில் ஒரு பங்கு சட்டிக்கும் உரியது. தமானுக்குக் குடிபோனபோது சட்டி பழைய இரும்புக்காரனுக்குப் போய், ஒட்டாத சட்டி வந்தது. முதல் குற்றவாளி அதுவே.

இரண்டாவது குற்றவாளியின் பெயரைச் சொல்ல இவ்வாய்வாளருக்குத் துணிச்சல் தேவைப்பட்டது: தே தாரிக். உணவோடு குடிக்கும் தேநீர், காய்கறியிலிருந்து கிடைக்கும் இரும்பைப் பாதிக்கும் மேல் உடலில் சேரவிடாமல் தடுக்கக்கூடியது. வாழை இலையை மடித்த கையோடு "தே தாரிக் ஒண்ணு" என்று குரல் கொடுப்பவர், சற்றுமுன் உண்ட கீரையைப் பெருமளவு தானம் செய்தவராகிறார். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிப்பதை எந்தச் சாஸ்திரமும் தடுக்கவில்லை.

7. சமையற்கட்டுத் தரவுகள்

இவ்வளவு சொன்னபின், பீட்ரூட் கெடாச் சமையலில் வகிக்கும் இடத்தை மறுப்பது நன்றிகெட்ட செயல். புரட்டாசிச் சனிக்கிழமை இலையில் அது இல்லாவிட்டால் மற்றக் கறிகள் எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரியும். கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவிய பொரியல் முதலிடம். பாசிப்பருப்புக் கூட்டு அடுத்தது. மூன்றாவது தயிர்ப் பச்சடி. பார்வைக்குப் பண்டோங் நிறம் என்பதால் பிள்ளைகள் ஏமாந்து உண்பார்கள். தீபாவளிக்கு அல்வாவும் உண்டு. அது காய்கறி என்ற கணக்கில் சேராது.

செய்முறையில் கருத வேண்டியவை நான்கு. ஒன்று, தோலைச் சீவாமல், காம்பில் இரண்டு விரல் விட்டு முழுதாக வேகவைத்தால் நிறமும் சத்தும் தண்ணீரில் போகாது. இரண்டு, பீட்ரூட்டில் வரும் மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின். மழை பெய்த தரையில் எழும் மணத்திலும் இருப்பது அதுவே. தோட்டத்துக்காரருக்கு அது பிடிக்கும், டவுன்காரர் மூக்கைச் சுளிப்பார். புளிப்பு பட்டால் அது அடங்கும். எலுமிச்சையும் தயிரும் சேர்ப்பதன் நியாயம் இதுதான். மூன்று, அந்தப் புளிப்பே சிவப்பையும் காக்கும். சோடா உப்பு போட்டால் நிறம் மஞ்சளை நோக்கி ஓடும். நான்கு, வெள்ளைச் சட்டை அணிந்தவரைப் பந்தியில் பீட்ரூட்டுக்கு எதிரே உட்கார வைக்கக்கூடாது.

பாசார் மாலாமில் ஏ.பி.சி. சாறு கேட்போருக்கும் ஓர் எச்சரிக்கை. ஆப்பிள், பீட்ரூட், கேரட் சாற்றை எண்ணிக் கேட்டால், அதே ஏ.பி.சி. என்ற பெயரில் சிரப் ஊற்றிய ஐஸ் கச்சாங் வந்து நிற்கும் அபாயம் இருக்கிறது. அதில் ரத்தம் எவ்வகையிலும் ஊறாது.

8. பொய்ப்புகழும் மெய்ப்புகழும்

பீட்ரூட்டுக்கு நேர்ந்த அநீதி, இல்லாததற்காகப் புகழப்பட்டதல்ல, இருந்ததற்காகப் புகழப்படாதது. நூறு கிராமில் ஃபோலேட் சுமார் 109 மைக்ரோகிராம், அன்றாடத் தேவையில் கால் பங்குக்கு மேல். சிவப்பணு உருவாக ஃபோலேட் வேண்டும். ஆகவே பாட்டியின் தீர்ப்பில் கொஞ்சம் மெய் இருந்தது, காரணம்தான் பிசகியது. நறுக்கி வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவோர் அந்தக் கொஞ்சத்திலும் ஒரு பகுதியைக் கொட்டுகிறார்கள்.

அடுத்தது நைட்ரேட். அதை நாக்கின்மேல் வாழும் நுண்ணுயிரிகள் மாற்ற, உடல் அதிலிருந்து ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. லண்டனில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு நான்கு வாரம் தினம் 250 மில்லிலிட்டர் சாறு கொடுத்ததில், மேல் அளவு சராசரியாக 8 புள்ளி அளவில் இறங்கியது என 2015-இல் வெளியிட்டார்கள். எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் 2009-இல் 8 ஆண்கள் ஆறு நாள் அரை லிட்டர் குடித்து மிதிவண்டி மிதித்தபோது, களைத்துவிழும் நேரம் 16 விழுக்காடு தள்ளிப்போனது. பீடோங் பால்வெட்டுக்காரர் எவரையும் இதற்கு அழைக்காதது அறிவியலுக்கு நட்டம்.

குறைகளும் உண்டு. நூறு கிராமில் ஏறத்தாழ 7 கிராம் சர்க்கரை. நார் நீக்கிய சாறாகக் குடித்தால் அது விரைந்து ஏறும். 2019 ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் பத்தில் மூவருக்கு இனிப்புநீர் என்பதை நினைவில் கொள்க. ஆக்சலேட் இருப்பதால், அவ்வகைச் சிறுநீரகக் கல் கண்டவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்பது நலம்.

9. முடிவும் பரிந்துரைகளும்

பீட்ரூட் நல்ல காய். ஆனால் ரத்த வங்கி அல்ல. ஆகவே இவ்வாய்வு பரிந்துரைப்பன: கடைக்காரரிடம் கீரையோடு பீட்ரூட் கேளுங்கள். இரும்புச் சட்டி இன்னும் வீட்டில் இருந்தால் அடுப்பில் ஏற்றுங்கள். கொல்லை முருங்கையை வெட்டாதீர்கள். சாப்பிட்டதும் தே தாரிக் வேண்டாம். தலை சுற்றும் பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப்போய் ரத்தம் சோதியுங்கள். இரும்பு மாத்திரை கொடுத்தால் சொன்னபடி சாப்பிட வையுங்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பீட்ரூட்டை நம்பி நிறுத்தாதீர்கள். இவ்வளவையும் பாட்டியிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு மட்டும் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதை வாசகர்களே ஏற்க வேண்டும்.