28 நிமிடக் குதிரைகள்

எங்கள் குடிபாலா பக்கம் குதிரைசக்தியை அளக்க இருக்கிற ஒரே கருவி காது. வண்டி வருவது முந்தின ஊரிலேயே கேட்டால் "நல்ல பிக்கப்பு". கேட்காவிட்டால் இன்ஜினில் ஏதோ கோளாறு. டைனமோமீட்டரில் ஏற்றிப் பார்ப்பதெல்லாம் கோயம்புத்தூரில் ரேஸ் விடுகிறவர்கள் சமாசாரம்.

என் மச்சானிடம் ஒரு ஜிப்ஸி இருக்கிறது. 1298 சிசி பெட்ரோல் இன்ஜின், நாலு சக்கரமும் இழுக்கும். பட்டாளத்து ஏலத்தில் வந்த வண்டி. வந்ததும் முதல் வேலையாகப் பச்சை பெயின்ட்டை மாற்றினான். அந்த ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான் என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. நிறத்துக்கு இவ்வளவு சட்டம் பார்த்தவன், அடுத்த வேலைக்குப் பார்க்கவில்லை.

"ஹெடர்ஸ் போட்டா பறக்கும் மாமா."

கம்பெனி வண்டியில் நாலு சிலிண்டர் புகையும் ஒரு வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குள் வந்து இடித்துக்கொள்ளும், பந்தி முடிந்து ஒரே கைகழுவும் இடத்துக்குப் போகிற கூட்டம் மாதிரி. ஹெடர்ஸில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். ஏறக்குறைய ஒரே நீளத்தில் வளைத்துக் கடைசியில் சேர்ப்பார்கள். இன்ஜின் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கிறது. முன்னால் போன புகை தனக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த இடத்தை விட்டுப் போகும். அது அடுத்த புகையை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். தத்துவம் உண்மைதான். ஆனால் ராலிக்காரர்கள் கேம் ஷாஃப்ட், பெட்ரோல் அளவு எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறார்கள், உச்சகட்ட ஆர்.பி.எம்மில் ஓட்டுகிறார்கள். மாந்தோப்பு வரப்பில் முதல் கியரில் உருளுகிற வண்டிக்குக் குழாய் ரொம்பப் பெரிதாகப் போனால் இருக்கிற இழுவையும் குறையும். இதை மச்சானிடம் சொன்னேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

காட்பாடிப் பக்கம் ஒரு மெக்கானிக் பாய். கைராசிக்காரர்.

"எவ்வளவு பவர் ஏறும் பாய்?"

"பத்து குதிரை தாராளமா ஏறும் சார்."

"காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னாடி நின்னு சொல்லுவீங்களா?"

சித்தூர் ஜில்லாவில் கோர்ட்டுக்குப் போகாத வழக்கெல்லாம் தீருகிற இடம் அது. அங்கே குளித்துவிட்டுப் பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் துணிச்சல் வராது. பாய் ஸ்பானரைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அங்கேன்னா… ரெண்டு குதிரைன்னு வெச்சுக்குங்க."

எட்டு குதிரை அந்த இடத்திலேயே ஓடிப்போனது. ஆனாலும் வேலை தொடங்கிவிட்டது. துருவேறிய ஸ்டட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார், சூடு காட்டினார். அப்படியும் ஒன்று அலுமினிய ஹெட்டுக்குள்ளேயே முறிந்தது. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, அதைத் திருகி வெளியே எடுத்தார் பாருங்கள், அதற்கே தனியாகக் காசு கொடுக்கலாம். அப்புறம் முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஜாயிண்ட் ராடு. பள்ளத்தில் ஆக்ஸில் எழும்பும்போது அதுவும் எழும்பும். புதுக் குழாய் சரியாக அந்த இடத்தில்தான் இறங்குவேன் என்றது. அறுத்து, திருப்பி, மறுபடி பற்றவைத்தார். ஆக்ஸிஜன் சென்சாருக்கும் ஒரு ஓட்டை போட வேண்டும். பேக்கிங்கில் காற்று கசிந்தால் சென்சார் ஏமாந்து பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றச் சொல்லும்.

கையோடு பின்னால் சைலன்ஸரையும் மாற்றியாயிற்று. சத்தம் வந்தது. எருமைகள் கயிறறுத்துக்கொண்டு ஓடின. எதிர்வீட்டுப் பெரியம்மா தண்ணி லாரி என்று நினைத்துக் குடத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். மச்சான் முகத்தில் அப்படி ஒரு தேஜஸ்.

அது அதிக நாள் நிற்கவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் போலீஸ், சத்தம் போடும் சைலன்ஸர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றிய வீடியோவை யாரோ அவனுக்கு அனுப்பிவிட்டார்கள். நம் ஊருக்கு இந்தப் பக்கம் ஆந்திரா போலீஸ், அந்தப் பக்கம் தமிழ்நாடு போலீஸ்; தப்பி ஓட மூன்றாவது மாநிலம் இல்லை. பின்னால் பழைய சைலன்ஸரையே திரும்ப மாட்டினான். ஹெடர்ஸ் மட்டும் உள்ளே ரகசியமாக இருந்தது.

வண்டி பசுவாகிவிட்டது. ஊரில் ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. செலவழித்த காசு காதுக்குத் தெரியாதது அவனை ரொம்ப அரித்தது.

"பவர் இருக்கு மாமா. மலை ஏத்தினா தெரியும்."

திருமலைக்குப் போனோம். மலையடிவாரத்து அலிபிரியில் சீட்டில் நேரம் போட்டுத் தருவார்கள். ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம்; அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அபராதம். மச்சான் வளைவுக்கு வளைவு மிதித்தான். மேல் டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கடிகாரத்தைப் பார்த்துப் பதறி ஓரங்கட்டினான்.

வயதான கார்கள், குடும்பத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. நான் வேர்க்கடலை உரித்தேன். அவன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சொன்னான்:

"பாத்தியா மாமா? முன்னாடியெல்லாம் நாம இங்க இப்படி நிக்கவே வேண்டி வந்ததில்லையே!"